தெருவில் ஒரு பிரச்சினை என்றால் யாரைக் கேட்பது? சென்னைவாசிகளின் கேள்விகளும் பதில்களும்

குடியிருப்போர் நலச் சங்கத்தில் இருப்பதால் காய்கறிக் கடையில், லிஃப்ட்டில், கல்யாண வீட்டில் என்று எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டுவதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்கள் பெருநகர சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளை மனதில் வைத்து எழுதியவை. தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகள். அங்கே சில தொலைபேசி எண்கள் மாறும், வழி பெரும்பாலும் இதேதான்.

வரி கட்டுறோம் இல்ல சார், அப்புறம் நாம எதுக்கு இறங்கி வேலை பார்க்கணும்?

உங்களைத் துடைப்பம் எடுக்கச் சொல்லவில்லை. பெருக்குவது சம்பளம் வாங்கிச் செய்யும் ஒருவரின் வேலை. அதை நாம் இலவசமாகச் செய்வது சரியா என்பதே தனிக் கேள்வி, கீழே வருகிறது. நம் பங்கு என்னவென்றால், எது கெட்டுக் கிடக்கிறது என்று சொல்வது, சொன்னது நடந்ததா என்று போய்ப் பார்ப்பது, நடக்கவில்லை என்றால் திரும்பவும் கேட்பது.

2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் 66 லட்சத்துக்கு மேல் மக்கள். வார்டுக்குப் பிரித்தால் 30 ஆயிரத்தைத் தாண்டுகிறது. இன்று இன்னும் கூடுதலாக இருக்கும். ஒரு வார்டின் உதவிப் பொறியாளர் தினமும் எல்லாத் தெருவிலும் நடந்து பார்க்க முடியாது. உங்கள் வீட்டு எதிரே வடிகால் மூடி உடைந்து கிடப்பது முதலில் உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, யாராவது தடுக்கி விழுந்த பிறகு கோபப்படுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மழை பெஞ்சா தெருவுல தண்ணி நிக்குது. யாருக்குப் போன் பண்றது, கார்ப்பரேஷனுக்கா மெட்ரோ வாட்டருக்கா?

முதலில் தண்ணீரைப் பாருங்கள். மழைநீர் வடியாமல் நின்றால் அது மழைநீர் வடிகால் பிரச்சினை, மாநகராட்சியைச் சேர்ந்தது. கறுப்பாக, நாற்றத்தோடு நடுத்தெருவில் உள்ள மேன்ஹோலிலிருந்து பொங்கினால் அது பாதாளச் சாக்கடை, மெட்ரோ வாட்டரைச் சேர்ந்தது. பெரும்பாலான தெருக்களில் நடுவே வட்டமான மூடி இருந்தால் சாக்கடை, ஓரமாக வரிசையாக கான்கிரீட் பலகைகள் இருந்தால் மழைநீர் வடிகால். இரண்டும் கலந்து வந்தால் இரண்டு இடத்திலும் புகார் கொடுங்கள். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மற்றவையும் இதே குழப்பம்தான். தெருவிளக்கு எரியாவிட்டால் மாநகராட்சி, ஆனால் மின் கம்பி தொங்கினாலோ தெருவோர மின் பெட்டி (பில்லர் பாக்ஸ்) திறந்து கிடந்தாலோ மின்வாரியம். உள்தெருச் சாலைகள் மாநகராட்சியுடையவை. அண்ணா சாலை, ஜவஹர்லால் நேரு சாலை போன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் மூன்றும் நீர்வளத் துறையிடம். தவறான அலுவலகத்தில் கொடுத்த நல்ல புகார் மாதக்கணக்கில் தூங்கும். அதனால் யாருடையது என்று கண்டுபிடிப்பதற்கே அரை மணி நேரம் செலவழித்தாலும் வீண் இல்லை.

எண்கள்: மாநகராட்சி 1913, மெட்ரோ வாட்டர் 044-4567 4567 அல்லது 1916, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100.

1913-க்குப் போன் பண்ணா உண்மையிலயே நடக்குமா?

விளக்கு, குப்பைக் குவியல், உடைந்த மூடி, விழுந்த மரக்கிளை போன்றவை பெரும்பாலும் நடக்கும். புதிய வடிகால், புதிய சாலை போன்றவை போனில் நடக்காது. அவற்றுக்கு மதிப்பீடு, நிதி, டெண்டர் எல்லாம் வேண்டும். அதற்கான வழி பகுதி சபை பற்றிய கேள்வியில் இருக்கிறது.

எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். 'எங்க ஏரியா ரொம்ப மோசமா இருக்கு' என்றால் எதிர்முனையில் இருப்பவர் என்ன எழுதிக்கொள்வார்? தெருப் பெயர், எந்த வீட்டு எதிரே, விளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண், எத்தனை நாளாக என்று சொல்லுங்கள். 'நம்ம சென்னை' செயலியில் போட்டால் படமும் சேர்க்கலாம். படத்தில் பள்ளம் மட்டும் தெரிந்தால் போதாது, பின்னால் ஒரு கடைப் பலகையோ வீட்டு எண்ணோ தெரியட்டும். புகார் எண் வந்ததும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போனில் வரும் குறுஞ்செய்தியை நம்பாதீர்கள், தேவைப்படும் நாளில் அது கிடைக்காது.

வேலையே செய்யல, ஆனா 'உங்கள் புகார் முடிக்கப்பட்டது'ன்னு மெசேஜ் வந்துடுச்சே?

கேட்பவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அதே இடத்தை அதே கோணத்தில் அன்றைய தேதியில் படம் எடுத்து, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் புகார் போடுங்கள். இரண்டாவது முறையும் அப்படியே முடித்துவிட்டால் இரண்டு எண்களையும் எழுதி வார்டு உதவிப் பொறியாளருக்கு ஒரு மனு, அதன் நகல் மண்டல அலுவலகத்துக்கு. மனுவின் இன்னொரு பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்த முத்திரை இல்லாத மனு பிற்பாடு எதற்கும் உதவாது.

கோபமாக எழுத வேண்டாம். கீழ்நிலை ஊழியர் பல சமயம் வண்டி வரவில்லை, சாமான் வரவில்லை என்று மாட்டிக்கொண்டு நிற்கிறார். நேரில் போய் 'என்ன தடை?' என்று கேட்டால் உண்மைக் காரணம் வெளிவரும். அந்தக் காரணத்தை மேலே எழுதலாம்.

நான் வாடகை வீட்டுல இருக்கேன், ஊர் வேற மாவட்டம். எனக்கு இதுல பேச உரிமை இருக்கா?

தாராளமாக இருக்கிறது. 1913 எண்ணில் யாரும் பத்திரம் கேட்பதில்லை. சொத்து வரியை வீட்டுக்காரர் பெயரில் கட்டினாலும் அந்தப் பணம் உங்கள் வாடகையிலிருந்துதான் போகிறது.

ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். ஓட்டு இன்னும் ஊரிலேயே இருந்தால், நிரந்தரமாக இங்கேதான் இருக்கப் போகிறீர்கள் என்றால், படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். வார்டில் ஓட்டு இருப்பவர் பேசும்போது கவுன்சிலர் காதில் அது வேறு மாதிரி விழும். பகுதி சபையில் உட்காரவும் அதுதான் அடிப்படை.

பகுதி சபைன்னு சொல்றீங்களே, அது என்ன? கிராம சபை மாதிரியா?

நோக்கம் அதேதான். ஆனால் கிராம சபைக்கு இருக்கும் பழக்கம் இன்னும் நகரத்துக்கு வரவில்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022-இல்தான் வந்தன. நடுவே 2016 கடைசியிலிருந்து 2022 தொடக்கம் வரை சென்னையில் கவுன்சிலர்களே கிடையாது, தேர்தலே நடக்கவில்லை. நகரத்தில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு சபை இருப்பதே தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

சென்னையில் ஒவ்வொரு வார்டும் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்தந்தப் பகுதியின் வாக்காளர் எல்லாரும் அந்தச் சபைக்கு வரலாம், பேசலாம். பகுதிக்கு ஒருவரை மாநகராட்சி மன்றம் நியமிக்கிறது. அந்தப் பத்துப் பேரும் கவுன்சிலரைத் தலைவராகக் கொண்டு வார்டு குழுவாக உட்காருகிறார்கள். முதல் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தன. அதன் பிறகு ஆண்டுக்கு நான்கு நாள்கள் என வைத்தார்கள்.

பகுதி உறுப்பினர்கள் நியமனம்தான், தேர்வு இல்லை. இது எனக்கு மனக்குறை. ஆனாலும் போங்கள். எந்தத் தேதி, எந்த இடம் என்று கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே வார்டு அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். போகும்போது ஒரே ஒரு கோரிக்கை, ஒரு பக்கத் தாள், தெருவாசிகளின் கையெழுத்து. பத்துக் கோரிக்கை எடுத்துப் போனால் பத்தும் குறிப்பேட்டில் 'ஆவன செய்யப்படும்' என்று முடியும். உங்கள் கோரிக்கை கூட்டக் குறிப்பில் எப்படி எழுதப்பட்டது என்று அங்கேயே வாசித்துவிட்டு வாருங்கள். 'சாலை சீரமைப்பு' என்று பொதுவாக எழுதியிருந்தால் தெருப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கவுன்சிலர் வேற கட்சி. நாங்க போய்க் கேட்டா செய்வாரா?

செய்வார், நீங்கள் கட்சியை வாசலில் விட்டுவிட்டுப் போனால். கவுன்சிலருக்கு வார்டு மேம்பாட்டு நிதி உண்டு. அதில் எந்த வேலை எடுப்பது என்பதை நிதியாண்டு பிறக்கும் முன்பே யோசிப்பார்கள். அப்போது உங்கள் தாள் அவர் மேசையில் இருக்க வேண்டும். செய்து கொடுத்தால் அதையும் எழுத்தில் நன்றி சொல்லுங்கள். திட்டுவதற்கு மட்டும் வரும் கூட்டத்தை யாரும் வீட்டுக்குள் விட மாட்டார்கள்.

2022 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் வாக்குப் பதிவு 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மாநில அளவில் நகர்ப்புற சராசரி 60-ஐத் தாண்டியது. ஓட்டே போடாத தெருவுக்கு எந்தக் கட்சிக் கவுன்சிலரும் அவசரப்பட்டு ஓடி வர மாட்டார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாங்க குப்பையைப் பிரிச்சுக் குடுக்கிறோம், வண்டியில எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிடறாங்க. எதுக்கு மெனக்கெடணும்?

குப்பையைப் பிரித்தே கொடுக்க வேண்டும் என்று 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. வண்டியில் தனித்தனித் தொட்டி இருந்தும் ஒன்றாகக் கொட்டினால் பெரும்பாலும் தெருவில் பாதி வீடு பிரிக்காமல் கொடுக்கிறது என்று அர்த்தம். பத்து வீட்டுப் பிரித்த குப்பைக்காக ஒருவர் வண்டியைத் தனியாகப் பராமரிக்க முடியாது. அதனால் முதலில் உங்கள் வரிசையில் எல்லா வீடும் பிரிப்பதற்கு வழி பாருங்கள், பிறகு வார்டின் துப்புரவு ஆய்வாளரிடம் வண்டி எண்ணோடு பேசுங்கள்.

பிரிப்பதில் இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் முக்கியம். அந்தப் பையைக் கையால் திறப்பவர் ஒரு மனிதர். எங்கள் தெருவுக்கு வரும் அம்மா ஒருநாள் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார், யாரோ உடைந்த டம்ளரைச் சோற்றுக் குப்பைக்குள் போட்டிருந்தார்கள். கண்ணாடித் துண்டு, பிளேடு, ஊசி எதுவானாலும் செய்தித்தாளில் கெட்டியாகச் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதி, கையில் கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். நாப்கின், டயபரைத் தனியாகத் தாளில் மடித்து ஒரு சிவப்பு அடையாளம் போடுங்கள்.

வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக்குப்பைதான். ஓட்டை போட்ட ஒரு வாளி, காய்ந்த இலை, கொஞ்சம் புளித்த மோர் இருந்தால் அது மாடியிலேயே உரமாகிவிடும். அப்புறம் வண்டி என்ன செய்கிறது என்ற கவலையே பாதி குறையும்.

ஞாயித்துக்கிழமை காலையில பீச்சுல குப்பை பொறுக்கப் போறோம். இது பிரயோஜனமா, இல்ல வெறும் போட்டோவா?

என்ன பொறுக்கினீர்கள் என்று எண்ணி எழுதினால் பிரயோஜனம். ஒரு மணி நேரத்தில் கிடைத்ததில் தேநீர்க் கப் எத்தனை, ஷாம்பு சாஷே எத்தனை, தண்ணீர் பாட்டில் எத்தனை என்று கணக்கு இருந்தால், அதை வைத்து அருகில் உள்ள கடைகளோடும் மண்டல அலுவலகத்தோடும் பேச முடியும். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறும் அதே குப்பைதான், அதே இடம்தான்.

தொழிலாளர்களின் இடத்தை நாம் நிரப்புகிறோமா என்பதையும் யோசிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலை தனியாரிடம் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். கேட்டது நிலையான வேலையும் சம்பளமும். தங்கள் தெருவைப் பெருக்குபவருக்கு மாதம் எவ்வளவு கிடைக்கிறது என்று தெரியாத ஒருவர் நகரச் சுத்தத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு அரைகுறையாகவே படுகிறது. கையுறை, காலணி, கழிப்பறை, குடிதண்ணீர் அவர்களுக்குக் கிடைக்கிறதா என்று பகுதி சபையில் கேட்பது ஞாயிற்றுக்கிழமை வேலையைவிடப் பெரிய தொண்டு.

கடற்கரையில்தான் தொண்டு செய்ய ஆசை என்றால், யாருடைய கூலியையும் தொடாத ஒரு வேலை இருக்கிறது. 1988-இலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் ஒவ்வொரு ஆண்டும் முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை முட்டையிட்ட குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பத்திரமாகப் பொரிப்பிடத்தில் புதைத்து, ஒன்றரை மாதத்துக்கு மேல் காத்திருந்து குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். தலைமுறை மாறி மாறி ஆள் வந்துகொண்டிருக்கிறது. தொண்டு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்கள்தான்.

புது ரோடு போட்டா எங்க வீடு பள்ளத்துல போயிடுது. இதைத் தடுக்க முடியுமா?

முடியும், ஆனால் ரோடு போடும் முன்பே. பழைய சாலையின் மேலேயே புதுத் தார் ஊற்றிக்கொண்டே போவதால் பத்து, பதினைந்து வருடத்தில் வாசல் படி காணாமல் போகிறது. மழைநீர் தெருவிலிருந்து வடிகாலுக்குப் போகாமல் வீட்டுக்குள் வருகிறது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று துறைகளுக்கு உத்தரவிட்டார். களத்தில் இதை எல்லாரும் 'மில்லிங்' என்றே சொல்வார்கள், நீங்களும் அந்த வார்த்தையையே பயன்படுத்துங்கள்.

தெருவில் ஜல்லி வந்து இறங்கும் முன் உங்கள் கேட் தூணில், சாலை மட்டத்திலிருந்து சரியாக ஒரு அடி உயரத்தில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். டேப் பிடித்து அளந்தபடியே படம் எடுங்கள். சுரண்டும் இயந்திரம் வரும் நாளிலும் ஒரு படம். சாலை முடிந்ததும் மறுபடி அளந்தால் எத்தனை அங்குலம் ஏறியது என்பதற்கு வாக்குவாதமே தேவையில்லை. மேன்ஹோல் மூடிகளையும் பாருங்கள். அவை தாருக்குள் புதைந்து போயிருந்தாலோ சாலையைவிடத் தாழ்ந்து கிடந்தாலோ வேலை முடியவில்லை என்று அன்றே எழுதிக் கொடுங்கள். ஒப்பந்ததாரரின் ஆள்கள் இருக்கும்போதே சொன்னால் சரி செய்வது எளிது, வண்டி போன பிறகு அடுத்த டெண்டர் வரை காத்திருக்க வேண்டும்.

ஆர்.டி.ஐ. போடலாம்னு பாக்குறேன். போட்டா வம்பு வருமா?

பெரும்பாலான தெருப் பிரச்சினைக்கு வராது. தகவல் உரிமைச் சட்டம் 2005-இன்படி எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை, அல்லது மழுப்பல் என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது முறையீடு.

'ஏன் எங்கள் தெருவுக்கு ரோடு போடவில்லை?' என்று கேட்காதீர்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, ஆவணம் தர வேண்டிய கட்டாயம் உண்டு. இன்ன தெருவில் இன்ன ஆண்டில் நடந்த பணியின் மதிப்பீடு, பணி ஆணை, செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல், எத்தனை ஆண்டு வரை ஒப்பந்ததாரர் பழுது பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை, இவற்றைக் கேளுங்கள். வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டம் இடம் தருகிறது. மனுவைச் சங்கத்தின் பெயரில் அனுப்பாமல் ஒரு தனி நபர் பெயரில் அனுப்புவதே நல்லது, உரிமை குடிமகனுக்குத்தான். தயக்கமாக இருந்தால் நான்கைந்து பேர் தனித்தனியாக அதே தகவலைக் கேளுங்கள், ஒருவர் மட்டும் கண்ணில் படமாட்டார்.

மேலே 'முடிக்கப்பட்டது' கேள்வியில் சொன்ன முத்திரை வாங்கிய மனு இங்கேதான் கைகொடுக்கும். 'இந்தத் தேதியில் பெறப்பட்ட என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல்' என்று ஒரே வரி போதும்.

அபார்ட்மென்ட் சாக்கடை அடைச்சுக்கிச்சு. ஒரு ஆளைப் பிடிச்சு உள்ள இறக்கிடலாமா? உடனே முடிஞ்சிடும்.

கூடாது. எவ்வளவு அவசரம் என்றாலும், அவரே வந்து 'நான் இறங்குறேன்' என்று சொன்னாலும் கூடாது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கச் சொல்பவருக்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. ஏற்பாடு செய்த சங்கச் செயலாளரும் அதில் அடங்குவார். உள்ளே விஷவாயு இருப்பது வெளியே தெரியாது. முதலில் இறங்கியவர் மயங்க, காப்பாற்றப் போன இரண்டாமவரும் சாகும் செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்.

தெருச் சாக்கடை என்றால் மெட்ரோ வாட்டர் எண்ணுக்குப் போன் செய்யுங்கள், இயந்திரத்தோடு வருவார்கள். செப்டிக் டேங்க் என்றால் 14420. இரண்டு நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எங்க ஏரியா குளத்தை நாங்களே தூர் வாரலாமா?

முதலில் யாருடையது என்று பாருங்கள். ஏரி பெரும்பாலும் நீர்வளத் துறை, சின்னக் குளம் மாநகராட்சி, கோயில் குளம் அறநிலையத் துறை. உரிய அனுமதி இல்லாமல் ஜேசிபியை இறக்கினால் நல்ல எண்ணத்தோடு செய்தாலும் சிக்கல்தான். கரையோரக் குப்பை எடுப்பது, வரத்துக் கால்வாயில் எங்கே அடைப்பு, எந்தக் குழாயிலிருந்து கழிவுநீர் வருகிறது என்று வரைபடம் போடுவது, இதெல்லாம் நீங்கள் தொடங்கலாம்.

2019 கோடையில் குடிதண்ணீருக்கே நகரம் தவித்தபோது சிட்லபாக்கத்தில் குடியிருப்பவர்கள் வாரம்தோறும் ஏரிக்குள் இறங்கி வேலை பார்த்தார்கள். அந்த ஆண்டே அரசு அந்த ஏரிக்கு 25 கோடி ரூபாய் அறிவித்தது. ஏரியை முழுக்கச் சரிசெய்ய மண்வெட்டியால் முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். இத்தனை பேருக்கு இது வேண்டும் என்று அரசு கண்ணால் பார்க்கும்படி செய்தார்கள். பணமும் திரட்ட முடியும் என்றால் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். மண்டல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரே கழிவுநீரை மழைநீர் வடிகால்ல விடறாரு. கம்ப்ளெயின்ட் பண்ணா உறவு கெட்டுடுமே?

முதலில் நேரில், தனியாக, வேறு யாரும் இல்லாதபோது பேசுங்கள். பலருக்குத் தங்கள் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்றே தெரியாது, வீடு கட்டிய மேஸ்திரி செய்த வேலையாக இருக்கும். முறையான இணைப்புக்கு என்ன செலவு, எங்கே விண்ணப்பம் என்பதை விசாரித்துக்கொண்டு போங்கள். மெட்ரோ வாட்டர் பகுதி அலுவலகங்களில் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை குறைதீர் கூட்டம் நடக்கும், அவரையும் அழைத்துக்கொண்டு போகலாம்.

அதன் பிறகும் கேட்கவில்லை என்றால் புகார் கொடுங்கள். அந்த வடிகால் மழைக்காலத்தில் பொங்கினால் முதலில் நனைவது தரைத்தளத்தில் இருக்கும் பாட்டியின் வீடுதான். ஒருவரின் முகம் சுளிப்பதைவிட எனக்கு அது பெரிது.

சங்கத்துல எப்பவும் அதே நாலு பேர்தான். மத்தவங்களை எப்படி வர வைக்கிறது?

கூட்டம் போட்டால் வர மாட்டார்கள், வேலை கொடுத்தால் வருவார்கள். எல்லாரிடமும் 'வாங்க' என்று சொல்லாமல் ஒருவரிடம் ஒரு வேலையைச் சொல்லுங்கள். கல்லூரிப் பையனுக்கு விளக்குக் கம்ப எண்களைப் பட்டியல் எடுக்கும் வேலை. ஓய்வு பெற்ற தாலுகா ஆபீஸ் ஊழியருக்கு மனு எழுதும் வேலை. மாலையில் நடைப்பயிற்சி போகும் அக்காவுக்கு வடிகால் ஓரத் துளைகளில் இளநீர் மட்டையோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே இதைச் செய்தால் அக்டோபரில் எல்லாருக்கும் நிம்மதி.

1989-இல் சென்னையில் எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற தொண்டு அமைப்பு இப்படித்தான் வளர்ந்தது. தெருக்காரர்கள் மாதம் கொஞ்சம் காசு போட்டு, மூன்று சக்கர வண்டிக்கு ஒரு ஆளை வைத்து, வீடு வீடாகக் குப்பை எடுத்தார்கள். வாசலுக்கு வந்து குப்பை எடுப்பது இன்று நமக்குச் சாதாரணமாகிவிட்டது.

பிளாட்பாரக் கடையெல்லாம் எடுத்துட்டா தெரு சுத்தமாயிடும். சங்கம் சார்பா மனு கொடுக்கலாமா?

நான் கையெழுத்துப் போட மாட்டேன். சாலையோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை அவர்களை அப்புறப்படுத்தவே கூடாது. அந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகள் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும், குடியிருப்போர் சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு. நடக்க வழி இல்லை என்றால் அதைக் கேளுங்கள்: இத்தனை அடி நடைபாதை விட வேண்டும், கடைக்கு ஒரு குப்பைத் தொட்டி வேண்டும். நேரே போய் இட்லிக் கடை அம்மாவிடமே பேசினால் பாதி வேலை அன்றே முடியும்.

நாங்க விடாம கேக்கறதால எங்க தெருவுக்கு எல்லாம் நடக்குது. பின்னாடி இருக்கிற குடிசைப் பகுதிக்கு எதுவும் நடக்கலை. இது சரியா?

சரி இல்லை. இத்தனை கேள்விகளில் இதைக் கேட்டவரை நான் மிகவும் மதிக்கிறேன். மனு எழுதத் தெரிந்தவர், அலுவலக நேரத்தில் போய் நிற்க முடிந்தவர், ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர் தெருவுக்கு வேலை முதலில் நடக்கிறது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் அலுவலகத்தில் நின்றால் அன்றைய சம்பளம் போச்சு. நம் வீட்டுக் குப்பை நம் கண்ணில் படாமல் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போகிறது. கொடுங்கையூரில் மட்டும் 60 லட்சம் டன்னுக்கு மேல் பழைய குப்பை சேர்ந்திருந்தது, அதன் புகையைச் சுவாசிப்பது வேறு யாரோ. ஒரு தெருவின் சுத்தம் இன்னொரு தெருவின் தலையில் விழுந்தால் ஊர் மேம்பட்டதாகச் சொல்ல முடியாது.

என்ன செய்யலாம் என்றால், அவர்களுக்காகப் பேசாமல் அவர்களோடு போங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்தக் கழிப்பறைக்குக் கதவு இல்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். புகார் அவர்கள் பெயரில், அவர்கள் போனிலிருந்து போகட்டும், எழுதுவதற்கு மட்டும் உதவுங்கள். அடுத்த பகுதி சபைக்கு ஒரே ஒரு கோரிக்கை எடுத்துப் போங்கள் என்று மேலே சொன்னேனே, அந்த ஒரு கோரிக்கை அவர்கள் தெருவுடையதாக இருக்கட்டும். உங்கள் தெருக்காரர்கள் பத்துப் பேர் அதில் கையெழுத்துப் போட்டுக் கூடவே வந்து உட்காருங்கள். கூட்டம் மாலை ஆறு மணிக்கு மேல் இருந்தால்தான் கூலி வேலைக்குப் போனவர்கள் வர முடியும். அந்த நேரத்தையும் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.